தோட்டம் கைமாறும்போது நமது சேவை எங்கே போகிறது?

(தோட்டக் கிளை ஒன்றின் மாதக் கூட்டத்தில், அத்தோட்டத்துக் கிராணியும் கிளைச் செயலாளருமான அன்பர் ஆற்றிய உரை.)



வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. மழைக்கு முன்னே பேச வேண்டியதைப் பேசிவிடுவோம். பத்து நாட்களாக மலையடி நிரையில் சிவப்புத் துணி கட்டிய கம்புகள் நிற்கின்றன. அளவைக்காரர்கள் வந்து போகிறார்கள். காலைப் பெரட்டிலே இதே பேச்சு. தோட்டத்தை விற்றாகிவிட்டது என்கிறார் ஒருவர். வீடு கட்டப் போகிறார்கள் என்கிறார் இன்னொருவர். “யார் வாங்கினால் என்ன, மரம் இருக்கிறது, கத்தி இருக்கிறது” என்கிறார் மூன்றாமவர். அலுவலகத்தில் இருக்கிற நமக்கும் எழுத்து மூலமாக இதுவரை ஒன்றும் வரவில்லை. ஆகவே விற்றார்களா இல்லையா என்று இன்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு தோட்டம் விற்கப்பட்டால் எது கைமாறுகிறது, எது கைமாறுவதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளலாம். கடிதம் வந்த பிறகு தெரிந்துகொள்ள நேரம் இராது. ஏனென்று பின்னால் சொல்லுகிறோம்.

முதலில் நிலம். நமது நாட்டில் நிலம் என்பது நில அலுவலகத்துப் பதிவேட்டில் இருப்பது. அந்தப் பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர். இந்த முறையை 1858ஆம் ஆண்டில் தென் ஆஸ்திரேலியாவில் டாரென்ஸ் என்பவர் சட்டமாக்கினார். வெள்ளைக்காரன் அதை மலாயாவுக்குக் கொண்டு வந்தான். இன்று தீபகற்ப மலேசியாவில் நடப்பது 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம். 1966 ஜனவரி முதல் நாள் அமுலுக்கு வந்தது. விற்பவரும் வாங்குபவரும் 14ஏ பாரத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வரி கட்டி, பதிவு செய்துவிட்டால் காரியம் முடிந்தது. ஆயிரம் ஏக்கரும், அதன்மேல் நிற்கிற மரமும், லயமும், ஸ்டோரும், புகைக்கூடமும் அந்த ஒரு பாரத்தில் போய்விடும்.

அந்தக் கிராண்டின் நகலை எடுத்துப் பாருங்கள். கட்டணம் கட்டினால் யாரும் தேடிப் பார்க்கலாம், நமக்கும் கொடுப்பார்கள். அதிலே சொந்தக்காரர் பேர் இருக்கும். பாங்கியில் அடமானம் இருந்தால் அது இருக்கும். குத்தகை இருந்தால் இருக்கும். ‘கேவியட்’ என்னும் தடை இருந்தால் அதுவும் இருக்கும். அந்த மண்ணில் மூன்று தலைமுறையாகப் பால் வெட்டியவன் பேர் மட்டும் எந்தக் கட்டத்திலும் இராது. அதற்கென்று கட்டமே கிடையாது.

நமது பெரியவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ஊரிலே பன்னிரண்டு வருஷம் ஒரு நிலத்தைத் தடையில்லாமல் அனுபவித்தால் பாத்தியதை வரும் என்று கேட்டு வந்தவர்கள் அவர்கள். இந்தியாவின் சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டுதான். கப்பலேறி வந்தவர்கள் அந்த நினைப்பையும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். “என் அப்பன் பிறந்த லயம், யார் எழுப்புவான் பார்க்கிறேன்” என்று சொல்லுகிற ஐயாக்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும் ஐயா, இந்த நாட்டுச் சட்டத்தின் 341ஆம் பிரிவு வேறு விதமாகச் சொல்லுகிறது. எத்தனை காலம் குடியிருந்தாலும் அது சொந்தக்காரனின் உரிமையைக் கெடுக்காது. இது கசப்பான செய்தி. ஆனால் இல்லாத கயிற்றைப் பிடித்துத் தொங்குவதைவிட, இருக்கிற கயிறு எது என்று பார்ப்பது மேல்.

தோட்டம் கைமாறுவதால் வந்த வேதனை நமக்குப் புதிதல்ல. 1950க்குப் பிறகு நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொரியச் சண்டையினால் ரப்பர் விலை ஏறியது. 1957இல் சுதந்திரம் வந்தது. இந்த இடைக்காலத்திலும் அதற்குப் பின்னும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில, கிழ மரங்களைப் பிடுங்கி மறு நடவு செய்யும் செலவை எண்ணியும், புது அரசாங்கம் எப்படியிருக்குமோ என்று அஞ்சியும், தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்களில் பலர் தோட்டம் நடத்த வாங்கவில்லை. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று கூறு போட்டு விற்க வாங்கினார்கள். இதற்குத்தான் துண்டாடல் என்று பேர். மலாயாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் உங்கு அஜிஸ், 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து பெரிய அறிக்கையே தந்தார்.

துண்டாடலில் நடந்த சூட்சுமத்தைக் கவனியுங்கள். நூறு ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால்தான் அது ‘எஸ்டேட்’. அதற்குக் கீழே போனால் சிறு தோட்டம். நேற்று வரை ஒரு முதலாளி, ஒரு சங்கம், ஓர் ஒப்பந்தம். இன்று எழுபது முதலாளி, எழுபது துண்டு. யாரிடம் போய்ச் சம்பள உயர்வு கேட்பது? யார் லயத்துக்கு ஓலை மாற்றுவது? ஆஸ்பத்திரியை யார் நடத்துவது? மரம் அதே மரம், பால் அதே பால். ஆனால் அதை வெட்டினவனுக்குச் சட்டத்தில் இருந்த இடம் மாத்திரம் காணாமற்போயிற்று. அவர்களில் பலர் வீட்டையும் இழந்து, சாமான் மூட்டையோடு ரோட்டோரம் நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் 1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். விற்கிற தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். நூறு வெள்ளிப் பங்கு. அதை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அன்றைய பால்வெட்டுக்காரனுக்குப் பத்து வெள்ளி சும்மா வருகிற காசல்ல. அப்படிச் சேர்த்த காசில் கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. நில அலுவலகத்துப் பதிவேட்டில் நம்மவர் பேர் இல்லை என்று சற்று முன் சொன்னோமே, அதற்கு அந்த நாளில் கொடுக்கப்பட்ட மறுமொழி அது. எல்லாத் தோட்டத்தையும் வாங்க முடியவில்லை என்பதும் உண்மை.

பின்னால் நிலச் சட்டத்திலேயே 214ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நாற்பது ஹெக்டர், அதாவது சுமார் நூறு ஏக்கர், அதற்குக் குறையாத தோட்ட நிலத்தை எஸ்டேட் நிலக் குழுவின் அனுமதியில்லாமல் கைமாற்றக்கூடாது என்பது அந்தப் பிரிவு. ஆகவே நம் தோட்டத்தை விற்கிறார்கள் என்றால், குழுவிடம் மனுப் போயிருக்கிறதா என்று கேட்பது நமது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அனுமதி கேட்கிற காலத்தில் நமது குரல் போனால் அதற்கு ஒரு மதிப்பு. அனுமதி கொடுத்த பிறகு போனால் வேறு மதிப்பு. நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்தில் இருப்பது. விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்றிக் கொடுப்பதும் மாநில அரசாங்கமே. சட்டமன்ற உறுப்பினர் வாசலுக்கு நாம் போக வேண்டியதும் அதனால்தான். ஓட்டுக் கேட்க அவர் நம் லயத்துக்கு வந்த வழி அவருக்கு ஞாபகம் இருக்கும்.

இன்னொரு வகைக் கைமாற்றம் இருக்கிறது. அதில் நில அலுவலகத்துக்கே யாரும் போவதில்லை. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் நடந்ததைச் சொன்னால் விளங்கும். கத்ரி கம்பெனியின் பங்குகளை லண்டன் பங்குச் சந்தையில் பி.என்.பி. என்னும் நம் நாட்டு முதலீட்டு நிறுவனம் வாங்கிச் சில மணி நேரத்தில் கம்பெனியையே கையில் எடுத்துக்கொண்டது. லட்சக்கணக்கான ஏக்கர் நம் நாட்டுக்குத் திரும்பியது. ஆனால் ஒரு கிராண்டிலும் பேர் மாறவில்லை. கம்பெனி அதே கம்பெனி. கம்பெனிக்குச் சொந்தக்காரர் மட்டுமே வேறு. தொழிலாளியின் முதலாளி சட்டப்படி மாறவில்லை. ஆகையால் அவன் சேவையும் அறுபடவில்லை. தோட்டம் விற்றாயிற்று என்று யாராவது சொன்னால், நிலத்தை விற்றார்களா, கம்பெனிப் பங்கை விற்றார்களா என்று கேளுங்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் அழுதவர்களும் உண்டு; தெரியாமல் சும்மா இருந்து கெட்டவர்களும் உண்டு.

இப்போது நிலம் விற்கப்படுகிறது என்றே வைத்துக்கொள்வோம். தொழிலாளி என்ன ஆகிறான்? மரத்தை விற்பதுபோல் மனிதனை விற்க முடியாது. அவன் பழைய முதலாளியிடமிருந்து புது முதலாளிக்குத் தானாகப் போவதில்லை. இதற்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் 1980ஆம் ஆண்டில் வேலை நீக்கச் சகாய நிதி விதிகள் செய்யப்பட்டன. அதில் எட்டாவது விதி நமக்குரியது. தொழில் கைமாறிய ஏழு நாட்களுக்குள், பழைய நிலைமைக்குக் குறையாத நிபந்தனையில் வேலை தருகிறேன் என்று புது முதலாளி சொல்ல வேண்டும். சொல்லி, நாம் ஏற்றுக்கொண்டால், பழைய சேவை முழுவதும் புது முதலாளியிடம் செய்த சேவையாகவே எண்ணப்படும். நியாயமான காரணமில்லாமல் நாம் மறுத்தால் சகாய நிதி இல்லை. ஏழு நாட்களில் அவர் சொல்லவேயில்லை என்றால் வேலை நீங்கியதாகக் கருதப்படும். அப்போது சகாய நிதிக்குப் பழைய முதலாளி, புது முதலாளி இருவருமே பொறுப்பு. ஒருவர் மற்றவரைக் காட்டித் தப்ப முடியாது. கடிதம் வந்த பிறகு நேரம் இராது என்று முதலில் சொன்னது இந்த ஏழு நாளை நினைத்துத்தான்.

தொகை எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஓர் ஆண்டு சேவையாவது இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைந்தால் ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்துக்குள் பதினைந்து நாள். ஐந்தும் அதற்கு மேலும் இருபது நாள். முந்திய பன்னிரண்டு மாதச் சம்பளத்தின் சராசரியை எடுத்துக் கணக்குப் பார்ப்பார்கள். இதைத் தவிர நோட்டீஸ் காலம் தனி: ஐந்து ஆண்டுக்கு மேற்பட்டவருக்கு எட்டு வாரம். தொகையை ஏழு நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும்.

இனி நாம் வெட்கத்தோடு ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது. இது நம்முடைய கதை. கிராணிகளாகிய நாம் முன்னே வேலை செய்த தோட்டம் ஒன்று விற்கப்பட்டது. பேர் வேண்டாம். நிலம் கைமாறிய நான்காம் நாள், மேலே இருந்து ஒரு கடிதத்தின் நகல் வந்தது. நாற்பத்தொரு பேருக்கும் அதை அச்சடித்துக் கையெழுத்து வாங்கு என்றார்கள். பெரட்டுக் களத்தில் மேசை போட்டோம். செக்ரோலைப் பார்த்துப் பேர் கூப்பிட்டோம். வயதான அம்மா ஒருவர் கத்தியைக் கூடையில் வைத்துவிட்டு வந்து, “கிராணி ஐயா, இதிலே என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார். “ஒன்றுமில்லை அம்மா, முதலாளி பேர் மாறுகிறது, அவ்வளவுதான்” என்றோம். நாம் அன்று பொய் சொல்லவில்லை. படிக்காமல் சொன்னோம். அது பொய்யைவிடக் கேடாக முடிந்தது. அந்தத் தாளின் மூன்றாவது வரியில், சேவை அன்றைய தேதியிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது என்று மலாயில் எழுதியிருந்தது.

அடுத்த வாரம் இன்னோர் உத்தரவு. ஸ்டோரில் கிடக்கிற பழைய செக்ரோல் புத்தகங்களைக் கொளுத்து, இடம் வேண்டும் என்றார்கள். கறையான் அரித்த புத்தகங்கள்தானே என்று புகைக்கூடத்துக்குப் பின்னால் வைத்துக் கொளுத்தினோம். இருபத்தைந்து வருஷத்துப் பேர்கள், நாள்கள், இறாத்தல் கணக்குகள் எல்லாம் அரை மணி நேரத்தில் போயின.

இரண்டு ஆண்டு கழித்து ரப்பரை வெட்டிவிட்டார்கள், ஆட்களை நிறுத்தினார்கள். அந்த அம்மாவுக்கு முப்பது நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டு வந்தது. இரண்டு ஆண்டு, ஆண்டுக்குப் பதினைந்து நாள். பழைய இருபத்து மூன்று ஆண்டையும் சேர்த்திருந்தால் இருபத்தைந்து ஆண்டு. ஆண்டுக்கு இருபது நாளாக ஐந்நூறு நாள் சம்பளம். முப்பது எங்கே, ஐந்நூறு எங்கே! அந்தக் கணக்கை அச்சடித்ததும் நாம்தான். அச்சடிக்கும்போதுதான் மூன்றாவது வரி ஞாபகம் வந்தது.

சங்கத்திடம் போனோம். சங்கம் தொழிலாளர் இலாகாவில் வழக்குப் போட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டார்களே என்றார் எதிர்த்தரப்பு. வேலைச் சட்டத்தின் ஏழாவது பிரிவைச் சங்கம் எடுத்துக் காட்டியது: சட்டம் கொடுப்பதைவிடக் குறைவாக எழுதப்பட்ட நிபந்தனை எதுவும் செல்லாது, அதன் இடத்தில் சட்டமே நிற்கும். அந்த வாதம் நின்றது. ஆனால் அடுத்த கேள்வி வந்தது: இருபத்து மூன்று ஆண்டு வேலை செய்ததற்கு அத்தாட்சி எங்கே? அத்தாட்சியை நாமே கொளுத்தியிருந்தோம்.

அப்போது அந்த அம்மா ஒரு பழைய மைலோ டின்னைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். உள்ளே ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய சம்பளச் சீட்டுகள். முதல் சீட்டிலிருந்து கடைசி வரை. எழுத்துத் தெரியாதவர் அவர். “தாள்னு குடுத்தா தூக்கிப் போடக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லும்” என்றார். மற்றவர்களில் பலருக்கு ஊழியர் சேமநிதிக் கணக்கு கைகொடுத்தது. எந்த மாதம் எந்த முதலாளி சந்தா கட்டினார் என்பது அதிலே பதிவாகியிருக்கிறது. சேமநிதி 1951இல் தொடங்கியது. முதலாளி மாறினாலும் கணக்கு தொழிலாளியின் பேரோடேயே போகும். தோட்டத்தில் நம்மோடு கைமாறாமல் வருவது அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். பதினோரு மாதம் இழுத்து, முப்பத்தொன்பது பேருக்குப் பணம் வந்தது. இரண்டு பேருக்கு வரவில்லை. அவர்களிடம் சீட்டும் இல்லை. முந்திய நாளில் அவர்களைக் காண்டிராக்டர் கணக்கில் வைத்திருந்ததால் சேமநிதியும் கட்டப்படவில்லை. அவர்களில் ஒருவர் இன்னும் நம்மைக் கண்டால் மரியாதையாகத்தான் பேசுகிறார். அது நமக்குத் திட்டுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

சங்க ஒப்பந்தத்தைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். முதலாளி மாறினால் ஒப்பந்தம் போய்விடுமா? 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, தொழில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கூட்டு ஒப்பந்தம் முதலாளியின் வாரிசுகளையும், அவரிடமிருந்து பெற்றுக்கொண்டவர்களையும் கட்டுப்படுத்தும். “அது பழைய துரையோட ஒப்பந்தம்” என்று யாராவது சொன்னால் வாயடைத்து நிற்க வேண்டாம்.

வீட்டைப் பற்றிச் சொல்லும்போது தைரியமாகப் பேச நம்மிடம் அவ்வளவு சரக்கு இல்லை. லயம் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் லயமும் போகும் என்பதே சட்டத்தின் போக்கு. வீடு கிடைத்த இடங்களில் அது பேச்சுவார்த்தையால் கிடைத்தது. கூட்டமாக நின்று, வீட்டுக்கு வழி சொல்லாமல் கலைய மாட்டோம் என்றதால் கிடைத்தது. சகாய நிதியை வாங்கிக்கொண்டு தனித்தனியே சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்குப் பிறகு பேச ஆளில்லை. கோயிலும் பள்ளிக்கூடமும் அப்படியே. அவை நிற்கிற மண் தோட்டத்துக் கிராண்டுக்குள் அடங்கியிருந்தால் அதுவும் நிலத்தோடு போகும். தனிக் கிராண்டாகப் பிரித்துக் கொடு என்று விற்பனைக்கு முன்னே கேட்க வேண்டும். நம் பள்ளிக்கூடத்து மண் யார் பேரில் இருக்கிறது என்று பெற்றோர் சங்கத்தைக் கேட்டோம், அவர்களுக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை நில அலுவலகத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம்.

நம்மோடு வேலை செய்கிற வங்காள தேசத்துத் தோழர்களையும் இந்தோனேசியத் தோழர்களையும் மறந்துவிட வேண்டாம். அவர்களுடைய பெர்மிட் முதலாளியின் பேரில் இருக்கிறது. முதலாளி மாறினால் அவர்கள் நிலை நம்மைவிட மோசம். பாஷை தெரிந்தவர்கள் இந்தச் செய்தியை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

அலுவலக நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. நம்மிடம் ஒரு தாள் வந்து, இதில் கையெழுத்து வாங்கு என்றால், முதலில் நாம் படிப்போம். விளங்காவிட்டால் சங்கத்துக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டு மேசை போடுவோம். நம் பேரும் அதே செக்ரோலின் இன்னொரு பக்கத்தில்தான் இருக்கிறது. ஸ்டோரில் உள்ள பழைய புத்தகங்கள் பதினாறையும் போன வாரம் வெயிலில் காய வைத்து எண்ணினோம். இரண்டில் மட்டும் கறையான். அவற்றைத் தகரப் பெட்டியில் போட்டு, மேலே நாப்தலீன் உருண்டை வைத்திருக்கிறோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோயில் மண்டபத்தில் மேசை போடுகிறோம். கையெழுத்து வாங்க அல்ல. உங்கள் சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, சொக்சோ அட்டை, பழைய நியமனக் கடிதம், எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். நசுங்கியிருந்தாலும் எலி கடித்திருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொருவர் பேரிலும் ஒரு காகித உறை போட்டு, வேலைக்குச் சேர்ந்த தேதியை எழுதி, நகல் எடுத்துக்கொண்டு உங்கள் தாளை உங்களிடமே கொடுத்துவிடுவோம். காண்டிராக்டர் கணக்கில் இருந்தவர்கள் முதலில் வாருங்கள். உங்கள் காரியத்துக்கு நேரம் அதிகம் பிடிக்கும்.